ஒன்பது வருடம் பெட்டியில் கிடந்த வயலின்: வாசித்தால் நாதம் கூடுமா?

அக்கா ஒன்பது வருடம் கழித்து வயலின் பெட்டியைத் திறந்தாள். ஈரத்துணியை மடித்து வைத்தாற்போல ஒரு வாடை அடித்தது. நான்கு தந்திகளும் தொளதொளவென்று கிடந்தன. வில்லின் முடி பாதி உதிர்ந்திருந்தது. என் வில்லை வாங்கிக்கொண்டு, ஒருவழியாக ஸ்ருதி சேர்த்து, கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"டேய், இது தூங்கிப்போச்சுடா. உன்னோடது மட்டும் எப்படிப் பேசுது பாரு."

அவள் ஒப்பிட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் இரண்டு வயலின்களையும் ஒரே கைவினைஞர் ஒரே சமயத்தில் செய்து கொடுத்தார். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பின்பலகைக்கு மேப்பிள், இரண்டுக்கும் ஒரே கட்டையிலிருந்து அறுத்த துண்டுகள், ஒரே அச்சு, ஒரே வார்னிஷ். என்னுடையதை நான் அநேகமாகத் தினமும் வாசிக்கிறேன். அவளுடையது அலமாரிக்குள் இருந்தது. வாசிக்க வாசிக்கத்தான் வாத்தியம் பேசும் என்று வயலின்காரர்கள் சொல்வார்கள், கிதார்காரர்கள் சொல்வார்கள், வீணை வாசிப்பவர்களும் சொல்வார்கள். அதைச் சோதிக்க எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி வாய்ப்பதில்லை. அதனால் அவள் மறுபடி வாசிக்கத் தொடங்கிய 12 வாரங்களையும் முடிந்தவரை ஒழுங்காகக் குறித்து வைத்தேன்.

எடுத்தபோது இருந்த நிலை

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் தந்தியைத் தொடவே இல்லை. விரல் முட்டியால் பலகையின் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று வந்த சத்தம், கீழ்ப்பக்கம் வலது வளைவில் சளக் என்று மாறியது. "இங்க பாருங்க, பசை விட்டிருக்கு" என்று மெல்லிய தாள் ஒன்றை உள்ளே செருகிக் காட்டினார். மேல்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்தில் நாலு விரற்கடை நீளத்துக்குத் திறந்திருந்தது. வயலினை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை. ஈரத்தில் அது இளகிவிடும். பிற்பாடு திறந்து பழுது பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் அந்தப் பசையையே காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பசை விட்டதைப் பெரிய கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஓர் இடம் திறந்திருந்தால் பலகை அதிரும்போது ஆற்றல் அங்கே வீணாகும், கீழ்ஸ்தாயி சொத்தென்று கேட்கும்.

அடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். சவுண்ட் போஸ்ட் சாய்ந்திருந்தது. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் சின்ன மரக்குச்சி அது. பசை எதுவும் கிடையாது, பலகைகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கு தந்திகளையும் ஸ்ருதியில் முறுக்கினால் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாகக் கீழே அழுத்தும். அக்கா வயலினை மூடிவைக்கும்போது "பாவம், இறுக்கமா இருக்க வேண்டாம்" என்று நான்கையும் ஒரேயடியாகத் தளர்த்தியிருக்கிறாள். நல்ல எண்ணத்தில் நிறையப் பேர் செய்யும் காரியம் இது. அழுத்தம் போனதும் போஸ்ட் நகர்ந்துவிட்டது. பிரிட்ஜும் விரல்பலகைப் பக்கமாகச் சாய்ந்து, அதன் அடி பலகையில் முழுக்கப் பதியாமல் நின்றது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்து வாங்கிவரலாம் என்றுதான் போனோம். அப்படிச் செய்திருந்தால் எது எதனால் மாறியது என்பது கடைசிவரை தெரிந்திருக்காது. நான்கு கட்டமாகச் செய்யச் சொல்லிக் கேட்டேன், பெரியமனதுடன் ஒப்புக்கொண்டார். எடுத்த நிலையில் ஒரு பதிவு, பசை ஒட்டியபின் ஒன்று, போஸ்ட்டும் பிரிட்ஜும் நிமிர்த்தியபின் ஒன்று, புதுத் தந்தி போட்டபின் ஒன்று. ஒவ்வொரு முறையும் நானே என் வில்லால் அதே வரிசைகளை வாசித்தேன். ஒன்பது வருடம் தொடாத கை அவளுடையது, அது வாரத்துக்கு வாரம் மாறும். என் கை அந்த அளவுக்கு மாறாது.

முதல் பதிவில் ஒரு தப்பு செய்தேன். மைக்கை எங்கே வைத்தேன் என்று அளக்கவில்லை, மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு தரையில் டேப் ஒட்டி, நிற்கும் இடத்தையும் மைக்கையும் மாற்றாமல் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நான்கு கட்டமும் முடிந்தன. அக்கா இன்னும் பயிற்சியே தொடங்கவில்லை. ஆனாலும் கூடத்தில் இருந்த எல்லோரும் "ஆஹா, வந்துடுச்சே!" என்றார்கள். இந்த 12 வாரத்தில் காதுக்குப் பளிச்சென்று தெரிந்த மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். அதிலும் போஸ்ட்டை நிமிர்த்தியதுதான் பெரிய தாவல். ஜி தந்தியில் காத்திரம் திரும்பியது, மேல்ஸ்தாயியில் கீச்சிடல் அடங்கியது. ஒன்பது வருட மௌனம் என்று நாங்கள் நினைத்ததில் பெரும்பகுதி ஒரு குச்சியும் கொஞ்சம் பசையும் பழைய தந்தியும்தான்.

எடையும் தட்டலும்

இனி மிச்சம் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். காதை மட்டும் நம்பவில்லை. இரண்டு எளிய அளவுகளை எடுத்துக்கொண்டேன்.

ஒன்று, எடை. வயலினின் உட்புறத்துக்குப் பொதுவாக வார்னிஷ் பூசுவதில்லை. மேல்பலகையின் தடிமன் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான். அதனால் காற்றில் இருக்கும் ஈரத்தை அது வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் நீரை வைத்திருக்கும். 80 சதவீதமானால் அது 16 சதவீதத்தை நெருங்கும். ஈரம் கூடினால் மரம் கனக்கும், விறைப்பு குறையும், அதிர்வை விழுங்குவதும் கூடும். மூன்றும் நாதத்துக்கு எதிரானவை. ஒரு கிராம் வரை காட்டும் எடைமானியில் தினமும் காலையில் இரண்டு வயலின்களையும் வைத்தேன்.

இன்னொன்று, தட்டல். தந்திகளைத் துணியால் அடக்கிவிட்டு, பென்சில் முனையில் இருக்கும் ரப்பரால் பிரிட்ஜின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினேன். ஒரு முறைக்குப் பத்துத் தட்டல். அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்று போனில் இருக்கிறது. வயலினுக்குள் இருக்கும் காற்று 270, 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் உச்சம் காட்டும். மரப்பெட்டி 400-க்கும் 600-க்கும் இடையில் இரண்டு பெரிய உச்சங்கள் காட்டும். மரம் உலர்ந்து விறைத்தால் இவை மேலே ஏறும், ஈரம் வாங்கினால் இறங்கும். அந்த இரண்டில் முதலாவதை மட்டும் இங்கே சொல்கிறேன், மற்றதும் அதே மாதிரிதான் நடந்துகொண்டது.

அலமாரிக்குள் ஈரமானியை வைத்துப் பார்த்தபோது 78 காட்டியது. கூடத்தில் 52, 55. ஐந்தாம் நாள் அக்கா வயலின் 468 கிராம், மரத்தின் உச்சம் 438 ஹெர்ட்ஸ். அன்றிலிருந்து அவள் தினமும் ஒரு மணி நேரம் வாசித்தாள். மூன்றாம் வாரக் கடைசியில் 461 கிராம், 446 ஹெர்ட்ஸ். சத்தம் தெளிந்தது, தொட்டவுடன் பேசியது. "பார்த்தியா, வாசிக்க வாசிக்க வருது" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடந்தன: அவள் வாசித்தாள், மரம் உலர்ந்தது.

இரண்டையும் பிரித்துக் கொடுத்தது மழை. ஆறாம் வாரம் விடாமல் ஆறு நாள் பெய்தது, கூடத்திலேயே ஈரப்பதம் 72-க்கு ஏறியது. அக்கா ஒரு நாளும் தவறாமல் வாசித்தாள். எடை 465-க்கு ஏறியது, உச்சம் 441-க்கு இறங்கியது. "மறுபடி அடைச்சுக்குதுடா" என்றாள். ஒன்பது வருடமும் ஓயாமல் வாசிக்கப்பட்ட என் வயலினும் அதே அளவுக்கு இறங்கியது. மழை விட்ட நாலைந்து நாளில் இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. மூன்று வாரத்தில் கிடைத்த தெளிவு வாசிப்பால் மரத்தில் வந்து தங்கியதாக இருந்தால் ஆறு நாள் மழையில் அது இப்படிக் கரைந்திருக்காது.

கண்ணை மூடிக் கேட்டது

எடை ஒரே அளவில் இருக்கும்போது மாற்றம் ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்காக மூன்றாம் வாரத்தையும் பன்னிரண்டாம் வாரத்தையும் ஒப்பிட்டேன். இரண்டு நாளும் எடை 461 கிராம். தந்திக்கு வயதாகும் என்பதால் பத்தாம் வாரம் அதே வகைப் புதுத் தந்தி போட்டோம். இரண்டு பதிவிலும் தந்தியின் வயது இரண்டு வாரத்தை ஒட்டி இருந்தது. இரண்டு நாளும் நான் வாசித்த பதிவு ஒன்று, அக்கா வாசித்த பதிவு ஒன்று.

அக்கா மகள் பதிவுகளைத் துண்டுகளாக்கி, ஒலி அளவைச் சமன் செய்து, வரிசையைக் கலைத்துக் கொடுத்தாள். எது எந்த வாரம் என்று எனக்கும் தெரியாது. ஜோடி ஜோடியாகக் கேட்டு, எது பின்னால் எடுத்தது என்று அக்கா சொல்ல வேண்டும். அவள் வாசித்த 16 ஜோடிகளில் 14 சரி. நான் வாசித்த 16-இல் 9 சரி. சும்மா காசைச் சுண்டிப் பார்த்தாலும் 8 வரும். இரண்டிலும் வயலின் அதே வயலின்தான். ஒன்பது வாரத்தில் வில்லின் ஓட்டம் மாறியது அவள் பதிவில் கேட்டது, என் பதிவில் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்வளவு மெனக்கெட்டு மறைத்து வைக்க வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிளோடியா ஃப்ரிட்ஸும் ஜோசப் கர்ட்டினும் குழுவோடு நடத்திய சோதனை இதற்கு நல்ல சாட்சி. 21 வயலின் கலைஞர்கள், ஆறு வயலின்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றும் புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கைவினைஞர்கள் செய்தவை: இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. மங்கிய வெளிச்சத்தில் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின், குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. எது எது என்று தெரிந்தால் காது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தேர்ந்த காதுக்கும் இது பொருந்தும்.

முதல் இருபது நிமிடம்

அக்கா விடவில்லை. "பதிவை விடு. தினமும் எடுத்தவுடனே முரண்டு பிடிக்குது, இருபது நிமிஷம் வாசிச்சா இளகுது. அது எனக்கு நல்லாத் தெரியுதுடா." இது எனக்கும் தினமும் நேர்கிற அனுபவம்தான். அதனால் அதையும் தனியாகப் பார்த்தோம். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அளக்கும் கருவி எதுவும் வேண்டாம், யாரும் செய்து பார்க்கலாம்.

ஒரு நாள் காலை அவள் என் வயலினில் இருபது நிமிடம் வாசித்தாள். பிறகு அன்று யாரும் தொடாத தன் வயலினை எடுத்தாள். மறுநாள் மாற்றிச் செய்தோம்: நான் அவள் வயலினில் இருபது நிமிடம் ஓயாமல் வாசித்தேன், அதுவரை அவள் எதையும் தொடவில்லை. சூடு ஆறுமுன் அதை அவள் கையில் கொடுத்தேன். இப்படி மாற்றி மாற்றி எட்டு நாள். மரம்தான் இளகுகிறது என்றால் நான் வாசித்துக் கொடுத்த நாளில் அது அவளிடம் உடனே பேச வேண்டும்.

நடந்தது தலைகீழ். அவள் கை சூடான நான்கு நாட்களிலும், தொடாமல் கிடந்த வயலின் எடுத்தவுடன் பேசியது. நான் வாசித்து வைத்த நான்கு நாட்களில் மூன்றில் "இன்னும் இளகல" என்றாள், ஒரு நாள் மட்டும் பரவாயில்லை என்றாள். எட்டு நாள் கொஞ்சம்தான். முந்தின இருபது நிமிடம் எந்த வயலின் வாசிக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியும். இந்தக் குறைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்த இருபது நிமிடத்தில் இளகுவது தோளும் மணிக்கட்டும், அந்த அறையின் ஒலிக்குப் பழகும் காதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று சாயங்காலம் அவள் வில்லைத் துடைத்துக்கொண்டே, "தோள்பட்டை மொதல்ல இறங்கணும் போல" என்றாள். அதிலிருந்து முதல் பத்து நிமிடம் வெறும் தந்தியில் நீண்ட வில் மட்டும் இழுக்கிறாள்.

மற்றவர்கள் அளந்தது

எங்கள் வீட்டு ஜோடியைப் போன்றே, ஆனால் எவ்வளவோ கவனமாகச் செய்த சோதனை ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கிறது. ஒரே மரத்திலிருந்து இரண்டு வயலின்களைச் செய்வித்தார்கள். ஒன்றை ஒரு தொழில்முறைக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மற்றது சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் கட்டுப்படுத்திய சூழலில் இருந்தது. மூன்று வருடம் கழித்து, எது எது என்று தெரியாமல் வாசித்தவர்களும் கேட்டவர்களும் மதிப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் இன்டா, ஸ்மித், வுல்ஃப் மூவரும் 2005-இல் இதை வெளியிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1996-இல் நேச்சர் இதழில் ஹன்ட்டும் பால்சானும் எழுதிய சிறு கட்டுரை, ஈரமான காற்றில் மரத்தைத் தொடர்ந்து அதிரவைத்தால் விறைப்பு சற்றுக் கூடுகிறது, அதிர்வை விழுங்குவது சற்றுக் குறைகிறது என்று காட்டியது. வயலின் ஒலியியலில் பெரிய பெயரான கார்லீன் ஹட்சின்ஸும் நெடுநேரம் இசையால் அதிரவைத்த வயலின்களில் மாற்றத்தை அளந்ததாக எழுதியிருக்கிறார். ஆக, மரத்தில் ஒன்றுமே நடக்காது என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மரத்தில் அளக்க முடிகிற ஒரு சிறு மாற்றம் வேறு, முழு வாத்தியத்தில் காது பிடிக்கிற மாற்றம் வேறு. ஒரு மழை வாரம் செய்கிற வேலைக்கு முன்னால் முதலாவது எங்கள் அளவில் தென்படவில்லை, அவ்வளவுதான்.

புது வாத்தியம் வாங்கியவர்கள் "ஆறு மாசத்துல திறந்துக்கிச்சு" என்று சொல்வது பொய்யில்லை. புதிதில் வார்னிஷ் மெல்ல இறுகும். தந்தியின் இழுப்பில் மரம் மெல்ல வளைந்து கொடுத்து ஒரு நிலைக்கு வரும். அதற்கேற்பத் தந்தியின் உயரம் மாறும், போஸ்ட் கொஞ்சம் தளரும், திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும். இதற்கெல்லாம் வேண்டியது நாட்களும் தந்தியின் இழுப்பும். வாசிக்காமல் ஸ்ருதியில் மாட்டி வைத்தாலும் இது நடக்கும். நூறு வருடத்து மரத்தின் கதை இன்னும் வேறு: மரத்தில் உள்ள, ஈரத்தை ஈர்க்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் பல பத்தாண்டுகளில் சிதைந்து, மரம் ஈரம் வாங்குவது குறைகிறது. எங்கள் இரண்டு வயலின்களுக்கும் ஒரே வயது, அதனால் அந்தக் கணக்கு இங்கே வரவில்லை.

இப்போது

அக்கா வயலின் இனி அலமாரிக்குப் போகாது. வாசிக்க முடியாத நாட்களிலும் தந்திகளை ஸ்ருதியிலேயே வைத்திருக்கிறாள். மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறாள், ஒன்று ஏறியபிறகுதான் அடுத்ததைக் கழற்றுகிறாள். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானி இருக்கிறது, அது 60-ஐத் தாண்டினால் பெட்டியைத் திறந்து காற்றோட்டமான இடத்தில் வைக்கிறாள். மாதம் ஒரு முறை ஓரத்தைச் சுற்றி முட்டியால் தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். தினமும் கையில் எடுப்பவருக்குத்தான் பசை விட்டதும் பிரிட்ஜ் சாய்வதும் உடனே தெரியும். வாசிக்கப்படும் வாத்தியம் நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கச் சோதனை பாக்கியிருக்கிறது. தூங்கிய வயலின் எழுந்ததைத்தான் பார்த்தோம், வாசித்துக்கொண்டிருந்த வயலின் தூங்குவதைப் பார்க்கவில்லை. வேலை நிமித்தம் ஆறு மாதம் வெளியே இருக்கப் போகிறேன். என் வயலினை ஸ்ருதி குறையாமல், ஈரப்பதம் 50-ஐ ஒட்டி இருக்கும்படி மூடிவைத்துவிட்டுப் போகிறேன். அக்கா மாதம் ஒரு முறை அதை எடைபோட்டு, பத்துத் தட்டல் தட்டி, வில் வைக்காமல் திரும்ப மூட வேண்டும். "ஒரு தடவைகூட வாசிக்கக் கூடாதாடா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். தாளில் முதல் வரியை எழுதியாயிற்று: 459 கிராம், 448 ஹெர்ட்ஸ், ஈரப்பதம் 51.